கமிஷன் வேண்டாம், பொறுப்பைக் கொடுப்போம்

(விருத்தாசலம் மளிகை மொத்த வியாபாரி ஒருவரின் கருத்து)



நம் ஊர் வியாபாரிகள் கூடிப் பேசிய கூட்டம் ஒன்றில் அண்மையில் ஒரு யோசனை வந்தது. கடைவீதியில் மஞ்சப்பைப் பழக்கத்தை மறுபடி கொண்டு வர வேண்டும் என்பது அது. ஒருமுறை உபயோகித்துத் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. 2021 டிசம்பர் 23-ல் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தை அரசு தொடங்கியது. அப்படியும் பத்து வாடிக்கையாளரில் எத்தனை பேர் கையில் பையோடு வருகிறார்கள் என்பது கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நமக்குத் தெரியாததல்ல. ஆகவே எட்டு, ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை விடுமுறை நாட்களில் வீடு வீடாக அனுப்பலாம். ஆளுக்கொரு துணிப்பையைக் கொடுத்து, ‘இனிக் கடைக்குப் பையோடு வருகிறோம்’ என்று ஒப்புக்கொள்ளச் செய்யலாம் என்றார்கள். நல்ல யோசனை. கூடவே இன்னொன்றையும் சேர்த்தார்கள். ஒரு வீட்டுக்கு இவ்வளவு என்று பிள்ளைகளுக்குக் கமிஷன் பேசிவிடலாம், காசு கொடுத்தால்தான் வேலை நடக்கும் என்றார்கள்.

முதல் பாதியை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். இரண்டாம் பாதியை எதிர்க்கிறேன். கூட்டத்தில் இரண்டு நிமிடத்தில் சொல்ல முடியாததை இங்கே விரிவாக எழுத விரும்புகிறேன். இது மஞ்சப்பையோடு முடிந்துவிடும் விஷயமல்ல. நம் பிள்ளைகளை எப்படி வளர்க்கிறோம், நாளைக்கு நம் கடைகளில் எப்படிப்பட்டவர்கள் உட்காரப் போகிறார்கள் என்பதெல்லாம் இதில் அடங்கியிருக்கிறது.

பணத்தை இகழவில்லை

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக் கொள்கிறேன். பணம் வேண்டாம் என்று உபதேசிக்க நான் சாமியார் இல்லை. மூட்டைக்கு இரண்டு ரூபாய் கிடைக்குமா, மூன்று ரூபாய் கிடைக்குமா என்று நாற்பது வருடத்துக்கு மேல் கணக்குப் பார்த்தவன். பணம் பத்தும் செய்யும் என்பது நமக்குப் பாடமல்ல, அனுபவம். கைமாற்றுக்கு அலைந்தவனுக்குத்தான் ரொக்கத்தின் அருமை தெரியும். பெரியவர்கள் உழைத்தால் கூலி கொடுத்தே ஆக வேண்டும். அதுவும் வியர்வை உலருமுன் கொடுக்க வேண்டும்.

நம் ஊர்க் கோயிலின் தலபுராணமும் கூலியைப் பற்றித்தான் பேசுகிறது. விபசித்து முனிவர் பழமலைநாதர் கோயில் திருப்பணி செய்தபோது, வேலை செய்தவர்களுக்கு வன்னி மரத்து இலைகளைக் கூலியாகக் கொடுத்தார் என்றும், அவரவர் உழைப்புக்குத் தக்கபடி அந்த இலை பொற்காசாக மாறியது என்றும் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். இந்தக் கதையில் ஒரு நுட்பம் உண்டு. எல்லார் கையிலும் விழுந்தது ஒரே இலைதான். அதைப் பொன்னாக்கியது உழைத்தவனின் மனமும் கையும். காசைக் காட்டி வேலை வாங்கியதாகப் புராணம் சொல்லவில்லை. வேலையே காசின் மதிப்பைத் தீர்மானித்தது என்று சொல்கிறது.

இதைப் பதின்மூன்று, பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகளோடு பொருத்திப் பாருங்கள். அந்த வயதை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், அது ஒரு இரண்டுங்கெட்டான் வயது. ஐந்து வயதுக் குழந்தைக்கு ஒரு மிட்டாய் போதும். இருபது வயதுக்காரனுக்குச் சம்பளம் வேண்டும், குடும்பப் பொறுப்பு வரும். நடுவில் இருக்கிற பிள்ளை வீட்டில் உப்புக்குச் சப்பாணியாக இருக்கிறான். ‘நீ சின்னப் பையன், உனக்கென்ன தெரியும்’ என்று ஒரு பக்கம். ‘கழுதை வயதாகிறது, இன்னும் பொறுப்பு வரவில்லையே’ என்று மறுபக்கம். தான் ஒருவன் இந்த வீட்டில், இந்தத் தெருவில், இந்த ஊரில் இருப்பதால் ஏதாவது பிரயோஜனம் உண்டா என்று அவன் மனதுக்குள் கேட்டுக்கொண்டே இருக்கிறான். அந்தக் கேள்விக்கு நாம் கொடுக்கிற விடை ஐம்பது ரூபாய்த் தாளாக இருக்கக் கூடாது என்பதே என் வாதம்.

கமிஷன் என்ன செய்யும்?

‘கமிஷன் கொடுத்தால் வேலை கூடுதலாக நடக்கும்’ என்பது வியாபாரிக்கு இயல்பாகத் தோன்றுகிற எண்ணம். தரகர், லைன் மேன், விற்பனைப் பிரதிநிதி எல்லாரிடமும் நாம் இப்படித்தான் வேலை வாங்குகிறோம். ஆனால் பள்ளிப் பிள்ளைகளிடம் இது எடுபடுமா என்று ஏற்கெனவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

இஸ்ரேல் நாட்டில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் வருடத்தில் சில நாட்கள் வீடு வீடாகப் போய்ப் புற்றுநோய் ஆராய்ச்சி, ஊனமுற்ற குழந்தைகளுக்கு உதவி போன்ற நற்காரியங்களுக்கு நன்கொடை திரட்டுவது வழக்கம். உரி நீசி, ஆல்டோ ருஸ்டிசினி என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் இந்த வசூலை வைத்து ஒரு பரிசோதனை செய்து 2000-ம் ஆண்டில் வெளியிட்டார்கள். 180 மாணவர்களை இரண்டிரண்டு பேராகச் சேர்த்து, மூன்று பிரிவாக்கினார்கள். முதல் பிரிவுக்குக் காசு கிடையாது. இந்தக் காரியம் எவ்வளவு முக்கியமானது என்று மட்டும் எடுத்துச் சொன்னார்கள். இரண்டாம் பிரிவுக்கு வசூலில் நூற்றுக்கு 1 கமிஷன். மூன்றாம் பிரிவுக்கு நூற்றுக்கு 10. கமிஷன் நன்கொடையிலிருந்து எடுக்கப்படாது, தனியாகக் கொடுக்கப்படும் என்றும் சொல்லிவிட்டார்கள்.

நம்மில் யாரைக் கேட்டாலும் பத்து சதவீதக்காரர்கள்தான் அதிகம் வசூலித்திருப்பார்கள் என்று சொல்வோம். நடந்தது வேறு. காசே வாங்காத பிரிவு, ஜோடிக்குச் சராசரியாகச் சுமார் 239 ஷெகல் வசூலித்தது. ஷெகல் என்பது அந்நாட்டு நாணயம். பத்து சதவீதம் பெற்றவர்கள் சுமார் 219. ஒரு சதவீதம் பெற்றவர்கள் எல்லாரையும் விடக் குறைவாகச் சுமார் 154.

காரணம் என்ன? வியாபாரிகளான நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு பொருளுக்கு விலை சொல்லாதவரை அது உறவு. விலை சொல்லிவிட்டால் பேரம். காசு பேசாதபோது அந்தப் பிள்ளை, ‘நோயாளிக்காகப் போகிறேன்’ என்று போனான். வெயிலையும் நாய் குரைப்பதையும் பெரிதாக எண்ணவில்லை. ஒரு சதவீதம் என்றவுடன் மனதுக்குள் தராசு வந்துவிட்டது. ‘இந்தக் காசுக்கு இந்த மூன்றாவது மாடியும் ஏற வேண்டுமா?’ என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டான். கூலிக்கு மாரடிப்பது என்று நம் முன்னோர் சொன்னது இதைத்தான். கூலிக்கு அழுபவளுக்குக் கண்ணீர் வராது.

நம் மஞ்சப்பைக்கும் இதே கதிதான் ஆகும். வீட்டுக்கு இரண்டு ரூபாய் என்று பேசினால், பிள்ளைகள் வாசலில் பையைப் போட்டுவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு ஓடுவார்கள். நோட்டில் எண்ணிக்கை ஏறும். கடைக்கு வருகிறவர்கள் கை வெறுங்கையாகவே இருக்கும். சம்மதிக்காத பாட்டியிடம் ஐந்து நிமிடம் நின்று பேச, எந்தக் கமிஷனும் ஒரு பிள்ளையைப் பணியவைக்காது. மனதார நம்புகிற பிள்ளைதான் நின்று பேசும்.

வெறும் உபதேசம் அல்ல

இதெல்லாம் நீதிபோதனை வகுப்பில் சொல்கிற கதை என்று சிலர் நினைக்கலாம். அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் பணிபுரியும் ஆண்ட்ரூ ஃபுலிக்னி என்ற பேராசிரியர் வளரும் பருவத்துப் பிள்ளைகளைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருபவர். பிறருக்குப் பயன்பட வேண்டும் என்பது அந்தப் பருவத்தின் அடிப்படைத் தேவைகளில் ஒன்று என்று 2019-ல் அவர் எழுதினார். பசி போல, நட்பு போல அதுவும் ஒரு தேவை என்று நான் புரிந்துகொள்கிறேன்.

அவரும் ஈவா டெல்சர் முதலான அறிஞர்களும் 2014-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், வளரும் பிள்ளைகளின் மூளை எதற்கு மகிழ்கிறது என்று ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். குடும்பத்துக்காகத் தன் பங்கை விட்டுக் கொடுக்கும்போது மூளையின் மகிழ்ச்சிப் பகுதி அதிகம் வேலை செய்த பிள்ளைகளுக்கு, ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது மனச்சோர்வின் அறிகுறிகள் குறைந்திருந்தன. தனக்கே வைத்துக்கொள்வதிலும் துணிந்து ஆடிப் பார்ப்பதிலும் அதே பகுதி அதிகம் கிளர்ச்சியுற்ற பிள்ளைகளுக்கு அவை கூடியிருந்தன.

துணிந்து ஆடிப் பார்ப்பது என்றால் நமக்குச் சட்டென்று ஞாபகம் வருவது கைபேசிச் சூதாட்டம். இணையவழிச் சூதாட்டத்துக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2023-ல் சட்டம் வந்தது. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்து 2025-ல் மத்திய அரசும் சட்டம் இயற்றியது. சட்டம் கதவைச் சாத்தலாம். ஆனால் ‘சும்மா இருந்து சீக்கிரம் காசு பார்க்க வேண்டும்’ என்ற ஆசை பிள்ளை மனதில் எங்கிருந்து வந்தது? வீட்டில் காலை முதல் இரவு வரை அவன் காதில் விழுவது லாபம், விலை, பாக்கி என்ற மூன்று சொற்கள்தான் என்றால், அவன் மட்டும் வேறு எதைப் பெரிதாக நினைப்பான்?

திருவண்ணாமலைப் பெண்

நமக்குப் பக்கத்துச் சீமையிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. திருவண்ணாமலை மாணவி வினிஷா உமாசங்கர். பன்னிரண்டு வயதில் அவர் கண்டது நாம் தினமும் காண்கிற காட்சிதான். தெருவில் இஸ்திரி வண்டி. பெட்டிக்குள் எரிகிற கரி. எரிந்து முடிந்த கரியைக் குப்பையில் கொட்டுகிற தொழிலாளி. நாம் சட்டையை வாங்கிக்கொண்டு வந்துவிடுவோம். அந்தப் பெண், ஊர் முழுக்க எத்தனை வண்டி, எவ்வளவு கரி, எவ்வளவு புகை, அந்தப் புகை யார் நெஞ்சுக்குள் போகிறது என்று யோசித்தார். வண்டியின் கூரையில் சூரிய ஒளித் தகடு வைத்து, பேட்டரியில் மின்சாரத்தைச் சேமித்து, அதில் இஸ்திரிப் பெட்டியை ஓட்டும் வண்டியை வடிவமைத்தார். ஐந்து மணி நேர வெயில் இருந்தால் ஆறு மணி நேரம் தேய்க்கலாம் என்பது அதன் கணக்கு.

2019-ல் அந்த யோசனைக்கு டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் பெயரிலான ‘இக்னைட்’ விருது கிடைத்தது. 2020-ல் ஸ்வீடன் நாட்டின் சிறுவர் பருவநிலைப் பரிசு வந்தது. 2021-ல் இங்கிலாந்து இளவரசர் வில்லியம் தொடங்கிய எர்த்ஷாட் பரிசின் இறுதிச் சுற்றுக்கு வந்தார். அந்த வருடம் நவம்பரில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் நடந்த உலகப் பருவநிலை மாநாட்டில், உலகத் தலைவர்கள் கூடிய இடத்தில், பத்தாம் வகுப்பு மாணவியாக நின்று பேசினார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. எர்த்ஷாட் பரிசு என்பது பத்து லட்சம் பவுண்டு. அது வினிஷாவுக்குக் கிடைக்கவில்லை. அவர் போட்டியிட்ட பிரிவில் வித்யுத் மோகன் என்ற வேறொரு இந்தியரின் டகாசார் நிறுவனத்துக்குப் போனது. பணத்தை வைத்து மட்டும் கணக்கெழுதினால் இதை வரவில் காட்ட முடியாது. ஆனால் அவர் கிளாஸ்கோ போனது ஒரு பிரச்சினைக்கு வழி சொல்லத்தான். இஸ்திரி வண்டிக்காரர் கரியைக் கொட்டுகிற இடத்தைப் பார்த்த நேரத்தில், ‘இதற்கு என்ன பரிசு கிடைக்கும்?’ என்று முதலில் கேட்டிருந்தால் அந்த வண்டியே பிறந்திருக்காது.

பாலித் தீவின் சகோதரிகள்

நம் மஞ்சப்பைக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் இந்தோனேசியாவின் பாலித் தீவில் இருக்கிறது. மெலாட்டி, இசபெல் வைசன் என்ற சகோதரிகள் 2013-ல் பிளாஸ்டிக் பைகளுக்கு எதிராக ஓர் இயக்கம் தொடங்கினார்கள். அப்போது மூத்தவருக்குப் பன்னிரண்டு வயது, இளையவருக்குப் பத்து. கடற்கரையில் குப்பை பொறுக்கினார்கள். பள்ளிகளில் பேசினார்கள். கடைகளில் ஏறி இறங்கினார்கள். விமான நிலையத்துக்குள் நின்று கையெழுத்து வாங்க அனுமதி பெற்றார்கள். நம் காந்தியடிகளின் வழியைக் கேட்டறிந்து பகல்பொழுது உண்ணாவிரதமும் இருந்தார்கள். பிறகுதான் ஆளுநர் அவர்களைக் கூப்பிட்டுப் பேசினார். 2019-ல் பாலித் தீவில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை நடைமுறைக்கு வந்தது. இடையில் ஓடியது ஆறு வருடம்.

ஆறு வருடம் ஒரு பிள்ளையைக் கமிஷன் கொடுத்து ஓட வைக்க நம்மில் யாரால் முடியும்? பேசிய காசு தீர்ந்த மறுநாளே வேலையும் நின்றுபோகும்.

கடையில் உட்கார்ந்த பிள்ளை

நம் வணிகக் குடும்பங்களிலிருந்தே ஒரு பெயரைச் சொல்கிறேன். 1903-ல் விருதுநகரில் தேங்காய் வியாபாரி வீட்டில் பிறந்தவர் காமராசர். தகப்பனார் சிறு வயதிலேயே காலமானார். படிப்பு பாதியில் நின்றது. மாமா கருப்பையாவின் துணிக்கடையில் உட்கார வைத்தார்கள். கூட்டம், ஊர்வலம் என்றால் கடையை விட்டு எழுந்து போய்விடுகிற பையனைத் திருவனந்தபுரத்தில் இன்னொரு மாமாவின் மரக்கடைக்கு அனுப்பிப் பார்த்தார்கள். வீட்டார் கணக்கில் அன்று அவர் உருப்படாத பிள்ளையாகத் தெரிந்திருக்கலாம். ஊர்க் கணக்கு வேறு மாதிரி எழுதப்பட்டது.

அவர் படித்த சத்திரிய வித்தியாசாலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வீடு தினமும் எடுத்து வைத்த பிடி அரிசியும், வியாபாரிகள் சரக்கின் பேரில் ஒதுக்கிய மகமையும் அந்தப் பள்ளியைத் தாங்கின. பிடி அரிசியால் நடந்த பள்ளியில் படித்த பிள்ளை, பின்னாளில் முதலமைச்சராகி 1956-ல் ஏழைக் குழந்தைகளுக்கு மதிய உணவு போட்டார். ஒரு கைப்பிடி அரிசிக்கு வட்டி எத்தனை சதவீதம் என்று நம் பேரேட்டில் கணக்குப் போட முடியுமா?

‘அப்துல் கலாம் சிறு வயதில் காசு சம்பாதித்தாரே’ என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. இரண்டாம் உலகப் போர் காலத்தில் புளியங்கொட்டை பொறுக்கி ராமேசுவரம் மசூதித் தெருவின் மளிகைக் கடையில் விற்று, நாளுக்கு ஓரணா பெற்றதாக அவரே எழுதியிருக்கிறார். ஓடும் ரயிலிலிருந்து வீசப்பட்ட செய்தித்தாள் கட்டுகளைப் பொறுக்கி எடுத்துத் தந்து முதல் சம்பளமும் பெற்றார். அதில் பெருமைப்பட்டதையும் மறைக்கவில்லை. ஆனால் ராமேசுவரத்தில் ரயில் நிற்காமல் போன காலம் அது. அந்தக் கட்டை எடுக்க ஒரு கை தேவைப்பட்டது. ‘நான் இல்லாவிட்டால் இந்த ஊருக்குப் பேப்பர் வராது’ என்ற எண்ணம் ஒரு சிறுவனுக்கு எவ்வளவு பெரியது! அத்தனைக்கும் பிறகு வந்த காசு இனித்தது. வெறுமனே கையில் திணித்த காசு அப்படி இனிக்காது.

தீப்பெட்டியை நினைத்தவன்

2015 நவம்பர், டிசம்பரில் நம் கடலூர் மாவட்டத்தை வெள்ளம் புரட்டிப் போட்டதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அப்போது என் கிடங்கில் அரிசி, பருப்பு, புளி, எண்ணெய் எல்லாம் பொட்டலம் போட்டு லாரியில் அனுப்பினோம். தெருப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் கட்டுவதற்கு வந்தார்கள். அதில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன். படிப்பில் சுமார், வீட்டில் ‘சோம்பேறி’ என்று பெயர் வாங்கியவன். எந்த ஊருக்கு எத்தனை வீடு, எந்த வீட்டில் கைக்குழந்தை என்று சிட்டை எழுதுகிற வேலையை அவனிடம் விட்டோம்.

இரண்டாம் நாள் லாரி கிளம்பும் நேரத்தில் குறுக்கே வந்து நின்றான். ‘ஐயா, அரிசி போகுது, பருப்பு போகுது. அடுப்பைப் பத்தவைக்க நெருப்புப் பெட்டி போட்டீங்களா?’ என்றான். எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மளிகையில் தலை நரைத்தவர்கள் அத்தனை பேரும் நின்றிருந்தோம். உடனே தீப்பெட்டியும் மெழுகுவத்தியும் ஏற்றினோம். நான்காம் நாள் ஒரு நண்பர் அன்போடு நூறு ரூபாயை நீட்டினார். பையன் கையை நீட்டவில்லை. ‘நாளைக்கு லாரி எத்தனை மணிக்கு?’ என்று கேட்டுவிட்டுப் போனான்.

அவனைச் சோம்பேறி என்றவர்கள் அவனுக்கு அதுவரை கொடுத்ததெல்லாம் எடுபிடி வேலை. டீ வாங்கி வா, பாக்கி வாங்கி வா என்பதெல்லாம் எடுபிடி. சிட்டை எழுதியது பொறுப்பு. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல்தான் நாம் பிள்ளைகளைக் குறை சொல்கிறோம்.

சேவை என்ற பெயரில் சுரண்டல் கூடாது

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். காசு வேண்டாம் என்று நான் சொல்வதை, பிள்ளைகளை இலவசமாக வேலை வாங்க யாரும் சாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. பதினான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை வேலைக்கு வைப்பது குற்றம். 1986-ம் ஆண்டுச் சட்டத்தை 2016-ல் திருத்தியபோது இது இன்னும் கடுமையாக்கப்பட்டது. பள்ளி நேரம் போக, விடுமுறையில், சொந்தக் குடும்பத் தொழிலில், ஆபத்தில்லாத வேலையில் கூடமாட ஒத்தாசை செய்வதற்கு விலக்கு உண்டு. பதினெட்டு வயது வரை ஆபத்தான தொழில்களில் சேர்க்கவே கூடாது.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், நேர்மை என்று ஒன்று இருக்கிறது. பிள்ளையின் உழைப்பால் நம் கல்லாவில் லாபம் விழுகிறது என்றால் அது சேவை அல்ல. மூட்டை தூக்குவதும் சரக்கு பிரிப்பதும் ஆள் வைத்துச் செய்ய வேண்டிய வேலை. ஊருக்கு நன்மை என்றால் மட்டுமே பிள்ளைகளைக் கூப்பிட உரிமை உண்டு. அப்படிக் கூப்பிடும்போது பை, நோட்டு, குடிநீர், சாப்பாடு, பஸ் செலவு அத்தனையும் பெரியவர்களுடையது. ஏழைப் பிள்ளையின் வீட்டுக்குப் பண உதவி தேவையென்றால், அதைப் பெற்றோரிடம் தனியாக, கல்வி உதவியாகக் கொடுங்கள். அவன் செய்த நல்ல காரியத்துக்கு விலை போட்டு அவன் கையில் கொடுக்காதீர்கள்.

என்ன செய்யலாம்?

குறை சொல்வது சுலபம் என்பதால் என் யோசனையையும் வைக்கிறேன்.

முதலாவதாக, பிள்ளைகளை ஒரு தெருவுக்குப் பொறுப்பாக்குங்கள். வீட்டுக்கு இவ்வளவு என்று கூறு போடாமல், ‘இந்தத் தெரு உன்னுடையது’ என்று சொல்லுங்கள். தன் தெரு என்றால் அந்தப் பாட்டியிடம் அவனாகவே திரும்பப் போவான்.

இரண்டாவதாக, முடிவெடுக்கும் உரிமையைக் கொடுங்கள். பையில் என்ன எழுதுவது, எந்த நேரத்தில் போவது, எந்தக் கடை ஒத்துழைக்கவில்லை என்பதை அவர்கள் கூடிப் பேசட்டும். நம் கடையே ஒத்துழைக்கவில்லை என்று ஒரு சிறுமி எழுந்து சொன்னாலும் கேட்டுக்கொள்கிற பக்குவம் நமக்கு வேண்டும். பெண் பிள்ளைகளை ஒதுக்க வேண்டாம். மேலே சொன்ன உதாரணங்களில் பாதி பெண் பிள்ளைகள்தான்.

மூன்றாவதாக, பலனைக் கண்ணால் காணச் செய்யுங்கள். மாதம் ஒரு நாள் கடைவீதியில் நின்று, பையோடு வருகிறவர் எத்தனை, வெறுங்கையோடு வருகிறவர் எத்தனை என்று பிள்ளைகளே எண்ணிப் பலகையில் எழுதட்டும். எண்ணிக்கை ஏறினால் அதுவே அவர்களுக்குப் பரிசு. இறங்கினால் ஏன் என்று யோசிக்கத் தொடங்குவார்கள். வியாபாரம் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பள்ளிக்கூடம் வேறில்லை.

நான்காவதாக, மே 5 வணிகர் தினத்தன்று பத்தாம் வகுப்பில் அதிக மதிப்பெண் எடுத்த பிள்ளைகளுக்குப் பல ஊர்களில் ஊக்கத்தொகை கொடுக்கிறோம். அது தொடரட்டும். அதே மேடையில் இந்தப் பிள்ளைகளையும் பெயர் சொல்லி அழைத்து, இன்ன தெருவில் இன்னது செய்தார் என்று ஊரறியச் சொல்லி நன்றி கூறுவோம். உறை வேண்டாம், வார்த்தை போதும்.

ஐந்தாவது யோசனை வீட்டுக்கு. இரவு கடை சாத்திவிட்டுப் போனதும் பிள்ளையிடம் ‘இன்றைக்கு எவ்வளவு மார்க்?’ என்று கேட்கிறோம். வாரத்தில் ஒரு நாளாவது, ‘இன்றைக்கு யாருக்கு என்ன ஒத்தாசை செய்தாய்?’ என்று கேட்டுப் பாருங்கள். முதல் நாள் விழிப்பான். நான்காம் வாரம் சொல்வதற்கு ஏதாவது தேடிக் கொண்டு வருவான்.

பீங்கான் ஊர்க்காரர்கள் நாம்

பீங்கான் தொழிற்பேட்டை உள்ள ஊரில் இருக்கிறோம். மண் ஈரமாக இருக்கும்போதுதான் அச்சு பதியும். சூளைக்குப் போய் வந்தபின் எவ்வளவு அழுத்தினாலும் பதியாது. தங்கக் கோடு போட்ட கோப்பைகளைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தங்கத்தை ஈர மண்ணில் பூசுவதில்லை. வடிவம் வந்து, காய்ந்து, சூளையில் வெந்து, மெருகும் ஏறிய பிறகு, எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் பூசிக் குறைந்த சூட்டில் சுடுவார்கள். பணமும் அந்தத் தங்கக் கோடு மாதிரி. பாத்திரம் உருவான பிறகு அழகு சேர்க்கும். பச்சை மண்ணில் பூசினால் தங்கமும் வீண், மண்ணும் வீண்.

சுந்தரர் இங்கே பெற்ற பொன்னை மணிமுத்தாற்றில் போட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது வரலாறு. அவருக்குத் துணை இறைவன். பிள்ளை கையில் அளவில்லாமல் போட்ட காசை எந்தக் குளத்தில் போய்த் தேடுவது?

அடுத்த கூட்டத்தில் மஞ்சப்பைப் பொருள் மறுபடி வருகிறது. கமிஷன் என்ற வரியை அடித்துவிட்டு, ‘தெருவுக்கொரு பொறுப்பாளர்’ என்று எழுதிக்கொள்ளுமாறு அங்கத்தினர்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். மற்ற ஊர் வணிக நண்பர்களும் தங்கள் கருத்தை இதழுக்கு எழுதுங்கள். என் யோசனையில் பழுது இருந்தால் சுட்டிக் காட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைகளைக் கூப்பிடுகிற நாளை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். பதின்மூன்று வயது யாருக்கும் இரண்டாம் முறை வருவதில்லை.